இடப்பக்கம், இரண்டு மணி

வாதி கபீரில் தண்ணீர் லாரிக் கம்பெனியில்
பதினோரு வருடமாக எனக்கு வேலை
வழி சொல்வது.
நீல லாரி குடிக்க, பச்சை லாரி செடிக்கு.
தெருப்பெயர் யாருக்கும் தெரியாது.
பள்ளிவாசலுக்குப் பின்னால் மஞ்சள் கேட்,
ஷவர்மாக் கடை தாண்டி ஒட்டகம் வரைந்த சுவர்,
ஏசி ஒழுகும் மூன்றாவது வீடு.
இப்படித்தான் மஸ்கட்டில் பாதி
என் வாயில் இருக்கிறது.

அதனால் டாக்டர் ரய்யா படத்தைப் பார்த்துக்கொண்டே
"இடது, இரண்டு மணி,
காம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர்" என்றபோது
விலாசம் என்று உடனே புரிந்துவிட்டது.
குடியிருப்பது யார் என்றுதான்
கேட்க வாய் வரவில்லை.

கைக்குச் சிக்காத கட்டி.
ஊசியால் கிள்ளி எடுத்த அன்றே
அந்த இடத்தில் ஒரு டைட்டானியத் துணுக்கை
அடையாளத்துக்கு விட்டு வந்தார்கள், எள்ளில் பாதி.
விமான நிலையத்தில் கத்தாது என்றாள் மாரிசெல்.
நான் எந்த விமானத்தில் போகப்போகிறேன்,
மகனுக்கு மார்ச்சில் பரீட்சை.

அறுவைக்கு முன், காலை ஏழரைக்குக் கம்பி.
மயிரிழை போல, நுனியில் கொக்கி.
இரண்டு தட்டுகளுக்கிடையே மார்பை நசுக்கி
மூச்சை அடக்கு என்றார்கள்.
கொக்கி போய்ப் பிடித்துக்கொண்டது.
மீன் ஒன்றும் துள்ளவில்லை.

வெளியே நீட்டிய மீதிக் கம்பியின்மேல்
காகிதக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து
பிளாஸ்டர் ஒட்டினார்கள்.
கரக் டீ தருகிற அதே கோப்பை.
ஆறாம் மாடியில் தியேட்டர்.
லிஃப்ட் வரும்வரை சக்கர நாற்காலியில்
மார்பில் டீக்கடை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் குல் ஜமான் அழைத்தான்.
அமராத்தில் வழி தப்பிவிட்டானாம்.
போனில் வந்த லொகேஷன் அவனைக்
கொண்டுபோய் மலையடியில் நிறுத்தியிருக்கிறது.
அந்த வீட்டில் கைக்குழந்தை, தொட்டி காய்ந்து கிடக்கிறது.
மாரிசெல் முறைத்தாள்.
"பின்னால் வா. டயர்க் கடை தெரிகிறதா?
அதைப் பார்த்து நில். இரண்டு மணித் திசையில்..."
சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது.
சிரித்தால் கம்பி இழுத்தது.
ஹோஸ் மாட்டும் சத்தம் கேட்டபின்தான்
போனைக் கொடுத்தேன்.

மேலே போனதும் பெயர் கேட்டார்கள்.
ஜெயசீலி. பிறந்த தேதி. எந்தப் பக்கம்?
வேறொருத்தி வந்து பெயர், தேதி, எந்தப் பக்கம்?
மயக்க மருந்துக்காரர், அவரும்.
சர்ஜன் ஊதாப் பேனாவால்
தோளுக்குக் கீழே அம்பு வரைந்து
கையெழுத்தும் போட்டார், டெலிவரி ரசீதில் போல.
கூரையில் பச்சை ஸ்டிக்கரில் இன்னோர் அம்பு,
கிப்லா அந்தப் பக்கம் என்று.
நான் மாதாவைக் கும்பிடுகிறவள்.
இருந்தாலும் அந்த அம்பு காட்டிய திசையிலேயே
சொல்லி வைத்தேன், யார் எடுத்தாலும் எடுக்கட்டும்.

பிறகு நடந்தது மாரிசெல் சொல்லித்தான் தெரியும்.
வெட்டி எடுத்ததில் இரண்டு நூல் தைத்தார்களாம்,
குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் கைப்பக்கம்.
உடம்பை விட்டு வந்துவிட்டால்
அதற்குத் திசை தெரியாதாம்.
அதை மட்டும் தனியே எக்ஸ்ரே எடுத்து
துணுக்கும் கொக்கியும் உள்ளேதான் என்று
கீழிருந்து போன் வரும்வரை
என்னைத் திறந்தே வைத்துக் காத்திருந்தார்களாம்.
வழக்கமாக அப்படிக் காத்திருப்பவள் நான்.

ஓரங்கள் சுத்தமா என்பது பத்து நாளில் தெரியும்.
இன்று எட்டு.
கோப்பையைக் கேட்டேன், எறிந்துவிட்டார்களாம்.
அம்பு இன்னும் முழுதாக அழியவில்லை,
காலி செய்துகொண்டு போனவர் வீட்டுக்கு
வெளிறி வெளிறி வழி காட்டுகிறது.
அழுத்தித் தேய்க்காதே என்றிருக்கிறார்கள்.

போன் அடிக்கிறது.
குரும், வில்லா, ஒரு லாரி, நீலம்.
சரி,
பக்கத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.